ஐந்தாவது தேசிக்காய்

இத்தாலியின் பலேர்மோ நகரில், பீனோவின் பட்டறையில் ஒரு சிவப்பு அமெரிக்கக் கார் நின்றது. 1969-இல் செய்தது. நீண்ட மூக்கு. இயந்திரத்தை முடுக்கினால் எதிர்வீட்டு ஜன்னல் நடுங்கும். துருப்பிடித்துக் கிடந்த அதை, பீனோவும் ஆரணியின் அப்பாவும் இரண்டு வருடமாகத் திருத்தியிருந்தார்கள்.

இன்று பகேரியாவிலிருந்து ஒருவர் அதை வாங்க வருகிறார்.

கார் விற்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். அப்பா மறுபடியும் மொண்டெல்லோ உணவகத்தில் கோப்பை கழுவப் போவார். ஆரணி தூங்கிய பிறகுதான் வீடு வருவார்.

அதனால், யாருக்கும் சொல்லாமல் அவள் ஒரு வேலை செய்திருந்தாள்.

வந்தவர் பெயர் சால்வோ. பெரிய மீசை. காரில் ஏறி, மெல்ல வெளியே எடுத்தார். இறங்கித் திரும்பிப் பார்த்தவரின் முகம் மாறியது. சக்கரங்கள் நின்ற இடமெல்லாம் ஈரம்.

"பீனோ! பிரேக் எண்ணெய் ஒழுகுது! என்னைக் கொல்லப் பார்க்கிறாயா?"

பீனோ தலையில் கை வைத்தார். அப்பா காருக்குக் கீழே படுத்துத் தேடினார். சால்வோ சாவியைத் திருப்பி நீட்டினார்.

ஓரமாக நின்ற ஆரணி யோசித்தாள். சொன்னால் அப்பா ஏசுவார். சொல்லாவிட்டால் இவர் போய்விடுவார்.

"அப்பா, அது எண்ணெய் இல்லை. நான் வைச்ச தேசிக்காய்."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்?"

"புது வாகனம் வெளிக்கிடேக்கை சில்லுக்குக் கீழை வைச்சு நசிக்கிறது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"இது புதுசோ? என்னைவிடவும் வயது மூத்தது!"

ஆரணி நசிந்த தோலை எடுத்துச் சால்வோவிடம் நீட்டி, இத்தாலிய மொழியில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நம்பவில்லை. குனிந்து ஈரத்தை விரலால் தொட்டார். மோந்தார். பிறகு நக்கியும் பார்த்தார்! மீசை ஒரு பக்கமாகக் கோணியது.

"எலுமிச்சம்பழம்தான்!"

பீனோ விழுந்து விழுந்து சிரித்தார். சால்வோ சிரிக்கவில்லை. தன் சாவிக்கொத்தைக் காட்டினார். அதில் சின்னச் சிவப்புக் கொம்பு ஒன்று தொங்கியது.

"கண் படாமலிருக்க எங்களுக்கு இது" என்றார். பிறகு காரின் பின்பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்த உதிரிச் சக்கரத்தைக் காட்டினார். "நாலுக்கும் வைத்தாய். இதை மறந்துவிட்டாயே!"

ஆரணி ஓடிப்போய்த் தன் பையிலிருந்து இன்னொன்று எடுத்து வந்தாள். சால்வோ அதைச் சக்கரத்தின் நடுவில் வைத்து மூடினார். காருக்கான பணத்தைக் கொடுத்து, பீனோவின் கையைக் குலுக்கினார். கார் உறுமிக்கொண்டு தெருவைத் தாண்டியது.

"இனி வைக்கிறதெண்டால் எனக்குச் சொல்லிப்போட்டு வை" என்றார் அப்பா.

"ஓம் அப்பா. அடுத்த கார் எப்ப வரும்?"

அன்று இருட்டும் முன்பே அப்பா வீட்டில் இருந்தார். மீதித் தேசிக்காய்களைப் பிழிந்து சர்பத் கரைத்தார். சீனி போட மறந்துவிட்டார். ஆரணி இரண்டு குவளை குடித்தாள்.