மஞ்சள் வைத்த வெள்ளைக் கவுன்

நான்சிக்கு வந்த கோபத்தில் அடுப்பே இல்லாமல் சோறு பொங்கியிருக்கும்.

மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சி முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தாள். கட்டிலின் மேல் அவளுடைய வெள்ளைக் கவுன் இருந்தது. நாளை ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுத்தி வரிசையாக நடப்பார்கள்.

அதற்காக அம்மா உபகாரமேரி தன் கையாலேயே தைத்த கவுன் அது. பீங்கான் பொம்மை கம்பெனியில் வேலை முடிந்து வந்து, இடுப்பு வலிக்க வலிக்க உட்கார்ந்து தைத்தார். இன்று காலை இஸ்திரி போட்டு, மடித்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

அந்தக் கவுனில் இப்போது கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் கறை. பிரித்துப் பார்த்தால் ஒன்றல்ல, நாலு!

"ஜூடு! யாருடா இதைத் தொட்டது?"

இரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி ஜூடு முறுக்கைக் கடித்தபடி வந்தான்.

"நான் இல்ல. எதிர்வூட்டு திரௌபதி அத்தை வந்தாங்க. புதுத்துணிய மஞ்சள் வெக்காம போடக் கூடாதாம். ஓரத்துல ஒரே ஒரு பொட்டு வெச்சு, மறுபடியும் மடிச்சு வெச்சிட்டுப் போனாங்க."

"நீ பாத்துக்கிட்டு சும்மா இருந்தியா?"

"எனக்கு முறுக்கு குடுத்தாங்களே."

நான்சி பல்லைக் கடித்தாள். தெருவில் யார் புதுத்துணி எடுத்தாலும் திரௌபதி அத்தை மஞ்சளைக் குழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சட்டை என்றால் காலருக்கு உள்ளே, புடவை என்றால் முந்தானை ஓரத்தில். அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெள்ளைக் கவுனில் ஈர மஞ்சளை வைத்து மடித்தால்? அது மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டது.

கறைகளைப் பற்றி நான்சிக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. களிமண் பட்டால் ஈரத்தோடு தேய்க்கக் கூடாது. காயவிட்டு உதற வேண்டும். எண்ணெய் பட்டால் முகப்பவுடரைக் கொட்டி ஊறவிட வேண்டும். பேனா மை என்றால் பாலில் நனைக்க வேண்டும். இதெல்லாம் அம்மாவிடம் பார்த்தது. மஞ்சளுக்கு என்ன செய்வது என்று மட்டும் அவள் பார்த்ததே இல்லை.

கோபத்தில் யோசிக்கவா தோன்றும்? சோப்புக் கட்டியை எடுத்தாள். கறையின் மேல் கரகரவென்று தேய்த்தாள்.

மஞ்சள் சிவப்பாக மாறியது.

"ஐயோ, ரத்தம்!" என்று ஜூடு அலறினான்.

"கத்தாதடா!" என்று அவனைவிடப் பெரிதாக நான்சி கத்தினாள்.

ஜூடு உதவி செய்யும் நினைப்பில் பற்பசையை எடுத்து வந்து கறையில் பிதுக்கினான். "பல்லே வெள்ளையாவுது. துணி ஆகாதா?"

கவுன் வெள்ளையாகவில்லை. புதினா வாசனை மட்டும் வந்தது.

மதியம் அம்மா சாப்பிட வந்தார். புடவையெல்லாம் களிமண் காய்ந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. கவுனைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பிளீச்சிங் பவுடர் போடலாமாம்மா?"

"துணி இத்துப்போயிடும். மொதல்ல இந்த சோப்பையும் பேஸ்டையும் நல்லா அலசு. சாயங்காலம் வந்து பாக்குறேன். போகலைன்னா ஸ்கூலு வெள்ளை யூனிபார்மைப் போட்டுக்க."

"யூனிபார்மா? எல்லாரும் கவுன்ல வருவாங்க. நான் மட்டும் பி.டி. பீரியடுக்குப் போற மாதிரி போவணுமா?" நான்சி எதிர்வீட்டைக் கை காட்டினாள். "எல்லாம் அந்த அத்தையாலதான். நீ போயி கேளும்மா!"

"எப்பிடிடீ கேக்குறது? அன்பாத்தான செஞ்சாங்க."

"அன்பா செஞ்சா கறை போயிடுமா?"

அம்மா சாப்பிட்டும் சாப்பிடாமலும் வேலைக்குக் கிளம்பினார்.

நான்சி கவுனை வாளியில் போட்டு நல்ல தண்ணீரில் அலசினாள். மறுபடி அலசினாள். சோப்பு போகப் போக, சிவப்பும் போய்ப் பழைய மஞ்சள் திரும்ப வந்தது. ஆனால் அந்த மஞ்சள் அசையவில்லை. அவளுடைய கோபமும் அசையவில்லை. ஈரக் கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்கு நடந்தாள்.

திரௌபதி அத்தை வீட்டிலேயே பீங்கான் விளக்குகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்பவர். வாசலில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"வா கண்ணு! நாளைக்கு விசேஷம் இல்ல?"

"உங்கள யாரு மஞ்சள் வெக்கச் சொன்னாங்க?" நான்சி கவுனை விரித்துக் காட்டினாள். "பாருங்க! எங்கம்மா தெச்சது. நாளைக்கு நான் எதைப் போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போவேன்?"

அத்தையின் முகம் சுருங்கிப்போனது. மஞ்சள் படிந்த கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"நீ நல்லா இருக்கணும்னுதான் கண்ணு வெச்சேன். இப்பிடி ஆவும்னு தெரியாம போச்சே. உள்ள வா, எதனா பண்ணிப் பாக்கலாம்."

வழி விடுவதற்காக, வாசற்படியின் ஓரத்தில் இருந்த அட்டைப்பெட்டியை அத்தை நகர்த்தினார்.

உள்ளே போகக் காலைத் தூக்கிய நான்சி அப்படியே நின்றாள்.

பெட்டி இருந்த இடத்தில் படி பளிச்சென்ற மஞ்சளாக இருந்தது. மற்ற இடமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

"அத்தை, இங்க மட்டும் இன்னைக்கு மஞ்சள் பூசினீங்களா?"

"இல்லியே. நேத்து வெள்ளிக்கிழமை, மொத்தப் படிக்கும் ஒண்ணாத்தான் பூசினேன். பூசின கையோட பெட்டிய வெச்சிட்டேன்."

"அப்போ மத்த இடத்து மஞ்சள் எங்க போச்சு? கழுவினீங்களா?"

"எங்க கழுவினேன்? அந்தப் பக்கம் நாள் பூரா வெயில் அடிக்குது."

நான்சி படியைப் பார்த்தாள். கவுனைப் பார்த்தாள். தலைக்கு மேலே சுள்ளென்று காய்ந்த வெயிலைப் பார்த்தாள்.

"அத்தை, உங்க மாடிக்கு வழி விடுங்க!"

மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. கொடியில் கவுனை விரித்து, கறை வெயிலைப் பார்க்கும்படி கிளிப் போட்டாள். துணி காயக் காயத் தண்ணீர் தெளித்தாள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் கவுனை நெருங்கியதும் கொடியிலேயே தள்ளித் தள்ளி வெயிலுக்குக் கொண்டுபோனாள். அத்தை துடைப்பக் கட்டையோடு நின்று காக்கைகளை விரட்டினார். இருவருக்கும் வியர்வை ஊற்றியது.

நான்சி அத்தையின் பக்கம் திரும்பாமலே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கோவம் போகலியா கண்ணு?"

"போகல."

"சரி. மொதல்ல கறை போகட்டும்."

நான்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் அதற்கும் ஒரு கோபம் வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொழுது சாயச் சாய மஞ்சள் மங்கியது. முதலில் எலுமிச்சம்பழ நிறம். பிறகு பால் ஏடு நிறம். அம்மா வேலை முடிந்து மாடிக்கு ஓடி வந்தபோது, கவுனைத் திருப்பித் திருப்பித் தேடினார்.

"எங்கடீ கறை?"

"வெயில் தின்னுடுச்சு!" என்றாள் நான்சி.

அம்மா கவுனை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். பிறகு மோந்து பார்த்தார். "ஏன்டீ புதினா வாசனை வருது?"

அம்மாவின் பின்னாலேயே மாடிக்கு வந்திருந்த ஜூடு சத்தமில்லாமல் படியிறங்கிப் போனான்.

மறுநாள் காலை வெள்ளைக் கவுனோடு நான்சி வெளியே வந்தாள். திரௌபதி அத்தை தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். எப்போதும் ஓடி வருகிறவர் இன்று படியைத் தாண்டவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

நான்சி தெருவைக் கடந்து அவரிடம் போனாள்.

"அத்தை, புதுத்துணிக்கு மஞ்சள் வெக்கலியா?"

"ஐயையோ! கிட்ட வராத கண்ணு, பட்டுடப் போவுது!"

நான்சி கையை நீட்டினாள். அதில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருந்தது.

"இதுவும் புதுசுதான் அத்தை. நான் கோயிலுக்குக் கொண்டு போறது."

அத்தை அவளையே பார்த்தார். உள்ளே ஓடிப்போய், குழைத்த மஞ்சளைக் கொண்டுவந்தார். கைக்குட்டையின் மூலையில் சின்னதாக, மிகமிகச் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். காயும் வரை ஊதினார்.

வெயில் மஞ்சளைத் தின்றுவிடும் என்று நான்சிக்கு இப்போது நன்றாகத் தெரியும். அதனால், வீட்டில் எல்லாத் துணியும் வெயிலில் காய்ந்தாலும், அந்தக் கைக்குட்டையை மட்டும் அவள் நிழலில்தான் காயப்போடுகிறாள்.