இணைப்பு இப்போது உங்கள் பெயரில்

அவள் அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சாமான் வண்டி புறப்படத் தயாராக நின்றது. பின்னால் நின்ற காரில் மாமா ஏறி உட்கார்ந்து, அடிக்கடி ஹாரனைத் தட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் அக்காவின் மகள். சித்தியைப் பார்த்துக் கையாட்டிய குழந்தை, வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். விடவே மாட்டாள் போலிருந்தது.

"நல்லா இரு குட்டி."

நாற்பதை நெருங்கியும் அக்காவுக்கு அவள் குட்டிதான். ஊரில் ஒரு அழகு நிலையத்தில் கால் கடுக்க நின்று முடி வெட்டிப் பிழைத்தவள். கடையை மூடியதும், வாடகை அறையைக் காலி செய்ய வேண்டிய நிலை. அப்போதுதான் அக்கா போன் செய்தாள். "நாங்க வேற ஊருக்கு மாறுறோம். வீடு எதுக்குப் பூட்டிக் கிடக்கணும்? நீ வந்து இருந்துக்கோ." கூடப் பிறந்தவளைத் தவிர வேறு யாருக்கு இப்படிச் சொல்ல வாய் வரும் என்று அன்றைக்கு அழுதுவிட்டாள்.

கூடத்தில் ஒரு பழைய சோபாவும் சுவரில் பெரிய டிவியும் மட்டும் மிஞ்சியிருந்தன. பார்க்க ஆளில்லாமலே டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குக்கா இது சும்மா ஓடுது?"

"ஓடட்டும்டி. துணையா இருக்கும்."

அந்த இணைப்பைக்கூட அக்கா போன வாரமே அவள் பெயருக்கு மாற்றிவிட்டாள். போனுக்கு வந்த ஓடிபியை இவள்தான் படித்துச் சொன்னாள். முதலில் ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எதற்கு இரண்டு என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்று இரவு டிவி பேசிக்கொண்டேயிருக்க, நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் மதியம். துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஏதோ நகைச்சுவை நிகழ்ச்சி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. சிரிப்பு பாதியில் அறுந்தது.

வந்து பார்த்தாள். திரை கறுத்திருந்தது. நடுவில் "சேவை இல்லை" என்று ஒரு வரி. அதுவும் சற்று நேரத்தில் அணைந்தது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வானம் பளிச்சென்று இருந்தது. மேலே டிஷ் ஆடாமல் அசையாமல் நின்றது. மழையும் இல்லை, காற்றும் இல்லை.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கழுவி, துவட்டாமல் விட்ட தலைமுடியின் வாசனை. ஆயுள் முழுக்க அதிலேயே புழங்கியவளுக்கு அது தப்பாது. ஆனால் இது நாள்பட்ட ஈரம். உள்ளுக்குள் புளித்துப்போன ஈரம்.

அவள் டிவியைப் பார்த்தாள்.

கறுத்த திரையில் கூடம் முழுக்கத் தெரிந்தது. ஜன்னல், கதவு, அவள். அவளுக்குப் பின்னால் சோபா.

சோபாவின் ஓரத்தில் ஓர் உருவம்.

மடியில் கைகளைக் கோத்து, டிவிக்கு நேரே முகத்தை வைத்து, அடுத்தது என்ன என்று காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தது.

சட்டென்று திரும்பினாள். சோபாவில் யாருமில்லை. ஓரத்து மெத்தை மட்டும் ஆள் உட்கார்ந்தது போல அமுங்கியிருந்தது.

மறுபடி திரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்.

பார்த்தாள்.

அது முகத்தைத் திருப்பி இப்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாசல்படியில் வந்து விழுந்தவள், வாடிக்கையாளர் சேவைக்கு அடித்தாள். போலீசுக்கு அடித்திருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? டிவி வந்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று புத்தி ஒன்றையே பிடித்துக்கொண்டது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்று சொல்லிச் சொல்லியே காக்க வைத்தார்கள். ஒருவழியாக ஒரு பெண் வந்தாள்.

"மேடம், இது கோளாறு இல்லைங்க. நிறுத்தச் சொல்லித்தான் நிறுத்தியிருக்கோம்."

"நான் சொல்லலையேம்மா!"

"பேர் மாத்தின அன்னைக்கே பழைய ஓனர் கேட்டிருக்காங்க. இன்னைக்கு மதியத்தோட நிறுத்திடணும்னு. ரெண்டாவது ஓடிபி அதுக்குத்தான் மேடம். நீங்கதானே சொன்னீங்க?"

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு அக்காவுக்கு அடித்தாள்.

அக்கா எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அதற்கும் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தவள் ஹலோகூடச் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா, சோபால யாருக்கா?"

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது.

"தெரியாதுடி. சத்தியமா தெரியாது. நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு. டிவி ஓடுற வரைக்கும் அது டிவிய மட்டும்தான் பாக்கும். நின்னுச்சுன்னா யாராவது ஒருத்தரப் பாக்க ஆரம்பிச்சிடும். இன்னொருத்தரப் பாக்குற வரைக்கும் பாத்தவங்கள விடாது. எங்க போனாலும் கூடவே போகும். இத்தன வருஷமா டிவி நின்னப்பல்லாம் என்னத்தான்டி பாத்துச்சு."

"அப்போ நீ ஏன் நிறுத்தச் சொன்ன?"

அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"என்னைப் பாக்கட்டும்னா?"

"எனக்குப் பொண்ணு இருக்கா குட்டி. இப்பல்லாம் அது அவளையும் பாக்க ஆரம்பிச்சிடுச்சு." அக்காவின் குரல் தேய்ந்தது. "உனக்குன்னு... யாரும் இல்லையே."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் இருக்கும் அதைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை நடுங்க வைத்தது. யாரும் இல்லை என்று ஊரே சொல்லியிருக்கிறது. அப்போதெல்லாம் மனசுக்குள், "அக்கா இருக்காளே" என்று பதில் சொல்லிக்கொண்டவள் அவள்.

முதுகுக்குப் பின்னால், நிலைவாசல் வரை அந்த ஈர வாசனை வந்து நின்றது.

திரும்பாமலே மறுபடி சேவை எண்ணுக்கு அடித்தாள். அதே பெண்.

"இணைப்பத் திரும்பக் குடும்மா. இப்பவே."

"குடுத்துடலாம் மேடம். அதே முகவரிக்கா, இல்ல வேற வீட்டுக்கு மாத்தணுமா? இப்ப உங்க பேர்ல இருக்குறதால நீங்க எங்க சொன்னாலும் மாத்தித் தருவோம்."

எங்க சொன்னாலும்.

அக்காவின் புது முகவரி நாக்கு நுனியில் வந்து நின்றது. கதவு எண், தெரு, மாடி. சொன்னால் போதும், இணைப்போடு அதுவும் அங்கே போய்விடும். அக்கா செய்ததை அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். யார் குறை சொல்ல முடியும்?

கார் ஜன்னலோரம் கையாட்டிய குழந்தையின் முகம் கண்ணில் வந்தது.

"வேணாம்மா," என்றாள். "இங்கயே இருக்கட்டும்."

பின்னங்கழுத்தில் ஈர மூச்சு பட்டது. காதோரம், போனுக்கு வெகு அருகில், ஒரு குரல் நிதானமாகப் பேசியது. கதவு எண். தெரு. மூன்றாவது மாடி.

அது அவளுடைய குரல்.

"சரிங்க மேடம், குறிச்சுக்கிட்டேன்."

"இல்ல! நான் சொல்லல, அது நான் இல்ல!"

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"வேண்டாம்," என்றது அவள் குரல். அழைப்பு முடிந்தது.

வாசனை அறவே நின்றுபோனது. மெல்ல எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். சோபா மெத்தை கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும்பி, புதிது போல நிமிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சேவை எண் அதன்பின் கிடைக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. எடுக்காதவளுக்கு விடாமல் அடித்துக்கொண்டேயிருந்தாள். "வீட்டை விட்டு வெளிய போயிடுங்க" என்று குரல் செய்திகள் அனுப்பினாள். அவற்றை யாரும் கேட்கவில்லை.

வெயில் தாழும் நேரத்தில் போன் ஒலித்தது. அக்கா.

"குட்டி." குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள். ஏதோ அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது போலிருந்தது. "நீ இப்ப எங்க இருக்க?"

"உன் வீட்டுலதான்க்கா. பழைய வீட்டுல."

அந்தப் பக்கம் கதவுப்பிடியைத் திருகும் சத்தம்.

"கதவத் தட்டுனது நீதான்னு நெனச்சேன்," என்றாள் அக்கா. "நீதான்டி வந்த. ஒரு வார்த்தை பேசல. நீ கோவமா இருக்கன்னு நானும் ஒண்ணும் கேக்கல. என் பொண்ணு ஓடிப்போய் உன் மடியில உக்காந்துட்டா."

"அக்கா, அவளத் தூக்கிட்டு வெளிய ஓடு!"

"கதவு திறக்க மாட்டேங்குதுடி."

அக்காவின் மூச்சுக்குப் பின்னால், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு சீப்பு நீளமான முடியில் இறங்கி இறங்கி வரும் சத்தம் கேட்டது. குழந்தை வலிக்கிறது என்று முனகியது.

கொஞ்சலாக, பொறுமையாக, அவளுடைய குரல் பதில் சொன்னது.

"ஆடாம இரு கண்ணு. இப்பதானே ஆரம்பிச்சிருக்கேன்."