மேடையில் பூத்த வெள்ளை

"இந்த நாத்தத்துல ஒரு வாய்த் தண்ணி இறங்குமா எனக்கு?"

விடிந்தும் விடியாமலும் மாமியார் ரெங்கம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். குட்வில் எஸ்டேட் வீட்டின் புது அடுப்பு மேடையில் மறுபடியும் வெள்ளை பூத்திருந்தது. தொட்டால் பிசுபிசுவென்று ஈரம். மருமகள் செல்லம் துணியால் துடைத்தாள்.

"நேத்தும் சோடா போட்டுத் தேய்ச்சேன் அத்தை..."

"தேய்ச்ச லட்சணந்தான் தெரியுதே. மீன் கழுவுன தண்ணிய அப்படியே விட்டா பூஞ்சை புடிக்காதா? போதும், உன் கையால இனி எனக்கு எதுவும் வேணாம்."

நாலு நாளாகப் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் தரும் டீயும் ரொட்டியும்தான் மாமியாருக்கு ஆகாரம்.

செல்லம் மேடைக் கல்லைப் பார்த்தாள். மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்த கடப்பாக் கல் அது. மெருகு போட ஆள் கிடைக்காமல், இருபது நாள் கல்லைத் தரையில் கிடத்தி, முட்டி போட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புத்தாளால் அவளே தேய்த்தாள். விரல் நுனித் தோல் உரிந்து, சோறு பிசைந்தால் எரிந்தது. அந்தக் கைதான் இப்போது அழுக்குக் கையாம்!

கல்லுக்கு அடியில் கலவை போட்ட புருஷன் கோவிந்தராஜ், ஒன்றும் காதில் விழாதவன்போல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்லம் கத்தியால் இரண்டு கல் சேரும் இடத்தைச் சுரண்டினாள். கலவை உதிர்ந்தது. கூடவே சுண்டுவிரல் நகமளவு ஒரு சிப்பி விழுந்தது. வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்தாள். கரித்தது.

"கடல் மணல்... இதோட உப்புதான் வெள்ளையா பூக்குது. கல்லுடைக்கிற கிரஷர் தூள்னு சொன்னீங்களே?"

அவன் தலை குனிந்தான். "லாரி வரல. அம்மா பால் காய்ச்ச நாள் குறிச்சிட்டாங்க. மணலக் கழுவிட்டுப் போட்டாச் சரியாயிடும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சேதான் வாயத் தொறக்காம இருந்தீங்களா?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். மேடையைத் தொட்டபோது வராத அருவருப்பு அவன் முகத்தைப் பார்த்தபோது வந்தது.

ரெங்கம்மா சிப்பியைப் பார்த்தாள். பிறகு மருமகளின் கைகளைப் பிடித்துப் புண்ணாகிக் கிடந்த விரல்களைப் பார்த்தாள்.

"நாள் குறிச்சு அவசரப்படுத்துனவ நான்... உன்னப் போயி கண்டபடி பேசிட்டேனே." அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒரு டீ போட்டுக் குடும்மா."

"போடறேன் அத்தை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்லம் உளியையும் சுத்தியலையும் கொண்டுவந்து புருஷன் மடியில் வைத்தாள்.

"கல்லு உடையாம பேத்து எடுங்க. இந்தத் தடவை மெருகும் நீங்கதான், முட்டி போட்டு."

பிறகு டீக்கு இரண்டே டம்ளர் எடுத்து வைத்தாள்.