எல்லாரும் முடிக்கிற வரைக்கும்

அன்றிரவு சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: லிஃப்ட் பழுது பார்ப்பவன், அவன் மனைவி, மனைவியின் தம்பி. மூன்று பேர், மூன்று நோட்டு, மூன்று பேனா. எழுதுகிற சத்தம் மட்டும் நாலு பேருடையதாக இருந்தது.

முதலில் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிஃப்ட் குழிகளின் இருட்டில் காதை நம்பியே பிழைத்தவன் அவன். தேய்வது கம்பியா சக்கரமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான், அப்படிப்பட்ட காது வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. மின்விசிறியின் முனகல், ஃபிரிட்ஜின் உறுமல், மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது, புத்தாண்டுக்காகத் தெருமுனையில் ஒலிபெருக்கியை இப்போதே அலறவிட்டு நிறுத்துவது, இத்தனைக்கும் அடியில், பேனா முனை தாளில் உரசும் சத்தம். மனைவியின் பேனா வழுக்கிக்கொண்டு ஓடும். தம்பியுடையது இரண்டு சொல் எழுதிவிட்டு நின்று யோசிக்கும். லிஃப்ட்காரன் தன்னுடையதை எழுதி முடித்துப் பேனாவை மூடி வெகுநேரம் ஆகிவிட்டது. இன்னொன்று, அழுத்தி அழுத்தி, எழுத்து எழுத்தாக, வரி முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, எழுதிக்கொண்டிருந்தது.

இந்தப் பழக்கம் மனைவி கொண்டுவந்தது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர்களிடம் "இப்பத் தெளிவாத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு வந்து, ராத்திரி தனக்கென்று நாலு வரி எழுதிவிட்டுத்தான் படுப்பாள். வருஷத்தின் கடைசி ராத்திரி மட்டும் வீடே உட்கார்ந்து எழுத வேண்டும். கேள்வி இரண்டுதான். இந்த வருஷத்தோடு எதை விட்டுவிட்டுப் போகிறோம்? அடுத்த வருஷத்துக்கு எதைக் கூட்டிக்கொண்டு போகிறோம்? யார் முதலில் முடித்தாரோ அவர் முதலில் வாசிக்க வேண்டும்.

ஒரு சட்டமும் உண்டு. அது மகள் போட்டது. எறும்பு என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். சர்க்கரை டப்பாவை எங்கே ஒளித்து வைத்தாலும் போய்ச் சேர்ந்துவிடுவாள். அப்பன் ரெண்டு வரி கிறுக்கிவிட்டு டிவி முன்னால் போய் விழுகிறான் என்று ஒரு வருஷம் அழுது ஊரைக் கூட்டி, கடைசியில் தீர்ப்புச் சொன்னாள்: எல்லாரும் பேனாவை மூடுற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. கடைசியாக மூடுவது எப்போதும் அவள்தான். போன வருஷம் அவள் விட்டுவிட்டுப் போனது பல்வலியும் கணக்கு டீச்சரும். கூட்டிக்கொண்டு போனது சைக்கிள். கணக்கு டீச்சர் சாரி சொன்னால் அவரையும்.

ஆகஸ்டில் மூளைக் காய்ச்சல். ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை தலை வலிக்குது என்றாள். திங்கட்கிழமை அவளுடைய செருப்பை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள்.

அதற்குப் பிறகு மனைவி ஒரு வரிகூட எழுதவில்லை. பேச்சும் குறைந்தது. போட்டால் சாப்பிட்டாள், போடாவிட்டால் கேட்கவில்லை. ஒரு ராத்திரி அவன் வேலைக்குக் கிளம்பும்போது மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பண்ற என்றான். காத்து வாங்குறேன் என்றாள். அன்றைக்கே இரவு வேலையை விட்டுவிட்டான். மாத்திரைகளைக் கருவிப்பெட்டியில் பூட்டி வைத்தான். தூக்கத்தில் அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பான். ஒருத்தி போய்விட்டாள். இன்னொருத்தியையும் விடக்கூடாது. அவனுக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

ஆகவே இன்று சாயங்காலம் அவளே மேசையைத் துடைத்து நோட்டுகளை எடுத்து வைத்தபோது அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தம்பிக்கு ஃபோன் போட்டு வரச்சொன்னதும் அவளே. தம்பிக்கு முடிவெட்டுகிற வேலை, வீட்டில் பெயர் கத்திரி. வாய் சும்மா இருக்காது.

"போன வருஷம் சிகரெட்டை விட்டுட்டுப் போறேன்னு எழுதுனேன். அது எனக்கு முன்னாடி போய் அடுத்த வருஷத்துல உக்காந்திருந்துச்சு" என்றான் கத்திரி.

மனைவி லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த தைரியத்தில்தான் அவன் நோட்டில் அதை எழுதினான். இந்த வருஷத்தோடு விட்டுவிட்டுப் போவது: எறும்பு. ஒரே சொல். இருக்கிறவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் போனவளை விட்டாக வேண்டும், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைப் போட்டான்.

இப்போது கத்திரியும் பேனாவை மூடினான். மனைவியும் மூடினாள்.

எழுதும் சத்தம் நிற்கவில்லை.

"மாப்ள, அந்த ஃபேனை நிறுத்து."

கத்திரி உட்கார்ந்தபடியே கையை நீட்டி சுவிட்சைத் தட்டினான். இறக்கைகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. ஃபிரிட்ஜ் தானாக ஒருமுறை உதறி அடங்கியது. தெருமுனை ஒலிபெருக்கியும் அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டது. வீட்டில் இப்போது அது ஒன்றுதான். கர்ரக், கர்ரக் என்று. அவனுக்கு எதிரே, கத்திரிக்குப் பக்கத்தில், காலி நாற்காலி. அதன் முன்னால் துடைத்த மேசை. தாள் இல்லை, பேனா இல்லை, டியூப்லைட்டின் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு தூசிகூட இல்லை. சத்தம் அங்கேயிருந்துதான் வந்தது.

"கரப்பான் பூச்சியா இருக்கும் மாமா" என்றான் கத்திரி. சொல்லிவிட்டுக் காலிரண்டையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

"இரு, அடியில பாக்கறேன்."

அவன் எழப் பார்த்தான். மனைவி அவன் மணிக்கட்டில் கை வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"உக்காருங்க. இன்னும் எல்லாரும் முடிக்கல."

"யாரு முடிக்கல?"

அவள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையைப் பார்ப்பது போல.

அப்போதுதான் அவன் பாதங்களில் கனம் விழுந்தது.

எறும்புக்கு இந்த நாற்காலியில் கால் தரைக்கு எட்டாது. எதிரே உட்கார்ந்து, காலை நன்றாக நீட்டி, அப்பனின் பாதங்களின் மேல் தன் குதிகால்களை ஊன்றிக்கொண்டுதான் எழுதுவாள். யோசிக்கும்போது கட்டைவிரலால் அவன் விரலைக் கிள்ளுவாள். இப்போது அவன் இரண்டு பாதங்களின் மேலும் இரண்டு சிறிய குதிகால்கள். ஈரம். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவளுக்கு உடம்பு துடைத்துவிட்ட மருந்துப் பஞ்சின் நெடி மேசைக்கடியிலிருந்து மேலேறி வந்தது. குதிகால்கள் சில்லென்றிருந்தன. சில்லென்று, கனமாக, பழகிய இடத்தில் பழகிய மாதிரி.

குனிந்து பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. காலை இழுத்துக்கொள்ள மனம் வரவில்லை. முதுகெல்லாம் வியர்த்து ஊற்ற, பாதங்களை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொண்டான். அசைத்தால் எழுத்துக் கோணலாகிவிடும் என்று கத்துவாளே என்று நினைத்தான். நினைத்ததும் கண்ணீர் நோட்டின் மேல் சொட்டியது.

கட்டைவிரல் ஒன்று அவன் விரலைக் கிள்ளியது.

"மாமா" என்றான் கத்திரி. குரல் கீழே இறங்கிப் போயிருந்தது. "ஏன் மாமா அழறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"எனக்குக் கேக்குது மாமா. ஏதாவது சொல்லுங்க."

"நீங்கதானே முதல்ல முடிச்சது" என்றாள் மனைவி. "வாசிங்க. அவ எழுதிக்கிட்டே கேப்பா."

அவன் நோட்டைக் கையால் மூடினான். "நாளைக்குப் படிக்கலாம்."

"வாசிங்க."

"வேண்டாம்மா."

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். சண்டை போடுகிறவளின் வேகம் அதில் இல்லை. குனிந்து பார்த்தாள். ஒரு சொல்தானே. வாசிக்க நேரமாகவில்லை. வாய்விட்டு, தெளிவாக, கடையில் ஆட்களுக்கு எண் சொல்வது போலச் சொன்னாள்.

"விட்டுட்டுப் போறது, எறும்பு."

எழுதும் சத்தம் நின்றது.

மேசைக்கடியில் எதுவும் அசையவில்லை. பிறகு அவன் இடது பாதத்திலிருந்து குதிகால் எழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து வலது பாதத்திலிருந்தும். தொட்டிருந்த இடத்தில் காற்றுப் பட்டது. அவன் தன்னையறியாமல் காலை முன்னால் நீட்டித் தேடினான். இல்லை. இன்னும் நீட்டினான். நாற்காலியின் மரக்கால்தான் இடித்தது.

"நான் அப்படி நெனச்சு எழுதல" என்றான் எதிர் நாற்காலியைப் பார்த்து. "அம்மாவுக்காகத்தான்டா எழுதினேன். அப்பா சொல்றதக் கேளு."

பக்கத்தில் மனைவி மூச்சை உள்ளே இழுத்தாள். அவளுடைய முழங்கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மடியில் யாரையோ ஏற்றிக்கொள்ளும்போது பெண்கள் இடம் செய்து கொடுப்பார்களே, அப்படி. பிறகு சிரித்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு முதன்முறையாகப் பல் தெரிய, கண்ணில் நீர் வழிய.

"ரொம்பக் குளிர்ந்து போயிருக்கா" என்றாள்.

"நீ என்ன எழுதின?"

"கூட்டிட்டுப் போறதுல அவளை மட்டும் எழுதினேன். விட்டுட்டுப் போறதுல உங்களையும் இந்த வீட்டையும் எழுதினேன். மன்னிச்சுக்கோங்க."

டக். எங்கோ ஒரு பேனாவுக்கு மூடி விழுந்தது.

எல்லாரும் முடித்துவிட்டார்கள்.

மனைவி எழுந்தாள். "நேரமாச்சு. படுக்க வைக்கணும்."

"அக்கா, எங்க போற? அக்கா!" கத்திரி நாற்காலிமேல் குந்தியபடியே கத்தினான். இறங்கவில்லை.

அவள் நடந்தாள். வலது கை மட்டும் உடம்பிலிருந்து சற்று விலகி, தாழ்ந்து, விரல்கள் எதையோ பிடித்தபடி இருந்தன. நடையும் சிறுத்திருந்தது. கூட வருகிறவளின் எட்டுக்கு ஏற்ற நடை.

எறும்பின் அறை முன்பு பால்கனியாக இருந்தது. கதவில் பாதிக்கு மேல் மங்கல் கண்ணாடி. உள்ளே இருட்டு. திறந்த கதவிலிருந்து பஞ்சின் நெடி. அவன் பாய்ந்து போய் அவள் இடது கையைப் பிடித்தான்.

"வேண்டாம். நான் இருக்கேன்ல?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பான்.

"நீங்கதான் விட்டுட்டீங்களே" என்றாள்.

அவன் பிடி நழுவியது.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. பிள்ளைக்கு எட்டவில்லை என்று மேல் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, அவனே தன் கையால் உள்பக்கம் கீழே, முழங்கால் உயரத்தில் ஒன்று வைத்துக்கொடுத்திருந்தான். தள்ளினான். இன்னும் பூட்டவில்லை, ஆனால் உள்ளேயிருந்து ஏதோ முட்டுக்கொடுத்தது, பலமாக இல்லை, பிடிவாதமாக.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெருவிளக்கின் வெளிச்சத்தில் மனைவியின் உருவம் நிழலாகத் தெரிந்தது. அறையின் நடுவில், கதவுக்கு எட்டாத தூரத்தில், அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இரண்டு முழங்கைகளும் பக்கவாட்டில் தெரிய, கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், அவன் முழங்கால் உயரத்தில், தாழ்ப்பாள் மெதுவாக நகரும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. இரண்டு கையாலும் தள்ளுவது போல மறுபடி நகர்ந்து, குழியில் விழுந்தது.