வாத்தியார் பிணமாகப் பறக்கிறார்!

"அம்மா... கேப்டன் செத்துட்டாரு!"

வயர்லெஸ் பெட்டி அலறியது.

பரிபூரணத்தின் கையிலிருந்த காபி டம்ளர் தரையில் விழுந்து உருண்டது.

1988. இராஜபாளையத்துக்கு வெளியே ஒரு பாண்டேஜ் கம்பெனி. பரிபூரணம் அதன் முதலாளியம்மா. வயது ஐம்பது. விதவை. ஒரே மகன் சோலைராஜைப் பைலட் உடையில் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

அதற்காக அவள் செய்யாதது இல்லை.

இரண்டு பேர் உட்காரக்கூடிய பழைய விமானம் ஒன்றை ஏலத்தில் எடுத்தாள். காயத்துக்குக் கட்டுப்போடும் காஸ் துணியைக் காயவைக்கும் மைதானத்தையே ஓடுதளமாக்கினாள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, சம்பளத்துக்கு ஒரு வாத்தியாரையும் அமர்த்தினாள்.

அந்த வாத்தியார்தான் கேப்டன் சௌந்தரபாண்டியன்.

இப்போது... பிணம்!

"ஏலே சோலை! என்னலே சொல்லுதே? எப்படிலே செத்தாரு?"

"டயலைப் பார்த்தாரு... 'ஐயோ'ன்னாரு... அப்படியே சாஞ்சுட்டாரும்மா!"

"நீ இப்ப எங்கலே இருக்கே?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்துக்கு மேல. ரெண்டாயிரம் அடியில வட்டம் போடுதேன்."

"வட்டம் போட்டது போதும். எறங்கி வாலே!"

"வர முடியாதும்மா."

"ஏன்? மிஷின் கெட்டுப் போச்சா?"

"மிஷின் நல்லாத்தான் ஓடுது... சட்டம் இடிக்குது!"

பரிபூரணம் டெலிபோனைப் பாய்ந்து எடுத்தாள்.

சற்று நேரத்தில் போலீஸ் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஏட்டு சங்கையா. பக்கத்து இருக்கையிலிருந்து குதித்தவர் இன்ஸ்பெக்டர் சமுத்திரம்.

சமுத்திரத்துக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. ஆடு திருட்டு வருகிறது, சைக்கிள் திருட்டு வருகிறது... உருப்படியாக ஒரு கொலை வர மாட்டேன் என்கிறது!

அவர் ஆவலோடு வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார்.

"இன்ஸ்பெக்டர் சமுத்திரம் பேசறேன். நீ யாரு?"

"சோலைராஜ், சார். பயிற்சி மாணவன்."

"பக்கத்துல?"

"பிணம், சார்."

"பிளேன்ல மொத்தம் எத்தனை பேர்?"

"ரெண்டு பேர், சார்... இப்ப ஒண்ணு."

சமுத்திரத்தின் மீசை துடித்தது. பூட்டிய அறைக்குள் கொலை நடந்ததாக அவர் கேள்விப்பட்டிருக்கிறார். இங்கே அறையே பறந்துகொண்டிருக்கிறது! உள்ளே இரண்டு பேர். ஒருவன் காலி. மீதி இருப்பவன் யார்?

"சோலைராஜ்! உன்னைக் கைது பண்றேன். உடனே எறங்கு!"

"கைது ஆகிக்கிறேன், சார். எறங்கத்தான் முடியாது."

"ஏன், எறக்கத் தெரியாதா?"

"நல்லாத் தெரியும், சார். எத்தனையோ தடவை எறக்கியிருக்கேன். ஆனா ஒவ்வொரு தடவையும் கேப்டன் பக்கத்துல இருந்தாரு. 'இனிமே இவன் தனியா ஓட்டலாம்'னு வாத்தியார் கையெழுத்துப் போட்டாத்தான் மாணவன் தனியா ஓட்டலாம். அவரு போடாமலே போய்ச் சேர்ந்துட்டாரு! இப்ப நான் எறக்கினா, அனுமதியில்லாம தனியா ஓட்டினதா ஆயிடும். ஜென்மத்துக்கும் பைலட் லைசன்ஸ் கிடைக்காது, சார்!"

"எறங்காட்டி ஜென்மமே கிடையாதுடா! பெட்ரோல் எம்புட்டு இருக்கு?"

"அரை மணி நேரத்துக்கு வரும், சார்."

பரிபூரணம் வயர்லெஸ்ஸைப் பிடுங்கினாள்.

"ஏலே, லைசன்ஸும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நீ உசுரோட வந்தாப் போதும்லே!"

வானத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"என் அருமை அன்னையே... கண்ணியமற்ற முறையில் தரையிறங்குவதைவிட, மேகங்களின் மடியில் மாண்டுபோவது எனக்கு மகிழ்ச்சியளிக்கும்..."

சமுத்திரம் திடுக்கிட்டார்.

"யாரும்மா இது? பிணம் பேசுதா?"

"இல்ல, சார். எம் மவன்தான். ருசியாக்காரன் கதை, பிரான்சுக்காரன் கதைன்னு தமிழ்ல போட்டு விக்கிறாம்லா, அம்புட்டையும் வாங்கிப் படிப்பான். பயம் வந்துட்டா இப்படித்தான் பேசுவான்."

"தம்பி! நம்ம ஊர்த் தமிழ்லயே பயப்படு! முதல்ல கேப்டனோட நாடியைப் பாரு."

"பார்த்தேன், சார். எஞ்சின் உதறுற உதறல்ல என் நாடியே எனக்குத் தெரியல."

"கிள்ளிப் பாரு."



"கிள்ளிட்டேன், சார். அசையல."

"பலமாக் கிள்ளு!"

"பலமாவும் கிள்ளிட்டேன். ஆனா சார்... இப்ப கண்ணுல இருந்து தண்ணி வருது."

"புதுப் பிணம்னா அப்படித்தான்" என்றார் சமுத்திரம். பிறகு கண்கள் இடுங்க, பரிபூரணத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா... காலையில கேப்டன் என்ன சாப்பிட்டார்?"

"பூஜைக்குப் பண்ணின சர்க்கரைப் பொங்கல். நாந்தான் குடுத்தேன்."

"ஆஹா! விஷப் பொங்கல்!"

"சார்! அதே பொங்கலை உங்க ஏட்டு இப்ப வழிச்சுத் தின்னுக்கிட்டு இருக்காரு!"

சங்கையா வாயருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். முகம் வெளுத்தது.

"சார்... எனக்கு நெஞ்சைக் கரிக்குது, சார்!"

"அது நெய்யி" என்றாள் பரிபூரணம்.

சமுத்திரத்துக்கு இருந்த ஒரே துப்பும் போயிற்று. மறுபடியும் வயர்லெஸ்ஸிடம் போனார்.

"தம்பி, டயலைப் பார்த்துட்டுத்தான் கேப்டன் விழுந்தாருன்னியே... எந்த டயல்?"

"ஸ்பீடு டயல், சார்."

"அதுல என்ன காட்டுது?"

"ஜீரோ."

"ஜீரோவா? அப்ப நீ நின்னுக்கிட்டா இருக்கே?"

"எனக்கும் அதான் புரியல, சார். கோபுரம் நகருது, ரயில் ரோடு நகருது, பெரியகுளம் கண்மாய் நகருது. டயல்ல மட்டும் நான் நகரவே இல்ல!"

"கெளம்பறப்ப நீ கவனிக்கலையா?"

"கெளம்பறப்ப நான் வெளிய பார்ப்பேன், சார். டயலைப் பார்த்து 'நாப்பது... அம்பது...'ன்னு சொல்றது கேப்டன் வேலை. இன்னிக்கும் சரியாச் சொன்னாரே!"

ஜீரோ காட்டிய டயலைப் பார்த்து ஐம்பது என்று சொன்ன வாத்தியார்!

சமுத்திரத்தின் மூளையில் ஏதோ பொறி தட்டியது. ஆனால் அது பற்றிக்கொள்வதற்குள், வயர்லெஸ்ஸில் சோலைராஜ் கத்தினான்.

"அம்மா! பூஜைன்னீங்களே... என்ன பூஜை?"

"புது டயரு மாத்தினதுக்குத்தாம்லே. நீ எல்லாத்தையும் செக் பண்ணிட்டு உடுப்பு மாத்தப் போனேல்லா? அப்பத்தான் போட்டேன். நம்ம லாரிக்குப் போடுத மாதிரியே... மூக்குக்கு, வாலுக்கு, ரெண்டு றெக்கைக்கும் சந்தனம் குங்குமம் வச்சேன். றெக்கைக்கு அடியில ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லா இருக்காதேன்னு..."

"குழாய் மேலயா வச்சீங்க?"

"வாயிலதாம்லே. நல்லாக் கட்டியா அப்பி, நடுவுல குங்குமமும் வச்சேன். பார்க்க லட்சணமா இருந்துச்சு."

"அம்மா! அது வழியாக் காத்து உள்ள போனாத்தான் ஸ்பீடு டயலுக்கு ஸ்பீடு தெரியும்! அதை அடைச்சுட்டீங்களே!"

பரிபூரணம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகனின் வாகனத்துக்கு ஆபத்து வரக்கூடாது என்று வைத்த பொட்டு! அதுவே...

"சார்" சோலைராஜின் குரல் இப்போது நிஜமாகவே நடுங்கியது. "ஸ்பீடு தெரியாம எறக்கறது கஷ்டம், சார். குறைஞ்சா கல்லு மாதிரி விழுவேன். கூடினா மைதானம் பத்தாது."

பரிபூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வயர்லெஸ்ஸை வாங்கினாள். குரலில் கம்பெனி முதலாளி வந்துவிட்டாள்.

"ஏலே, நம்ம தறியில மீட்டர் கெட்டுப் போனா தறியை நிறுத்திட்டா அழுதோம்? சத்தத்தை வச்சு ஓட்டலையா? எறங்கறப்ப இந்த மிஷின் எப்படிச் சத்தம் போடும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"மூக்கு எம்புட்டுக் குனிஞ்சிருக்கும்னு?"

"அதுவும் தெரியும். ஆனா... சட்டம்!"

சமுத்திரம் மீசையை முறுக்கினார். ஒரு முடிவுக்கு வந்தார்.

"தம்பி, அந்தச் சட்டத்தைச் சொல்லு. வார்த்தை பிசகாமச் சொல்லு."

சோலைராஜ் மனப்பாடமாக ஒப்பித்தான். "அனுமதி பெறாத மாணவர் விமானத்தைச் செலுத்தும்போது, பயிற்சியாளர் பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும்."

"இருக்காரா?"

"இருக்காரு, சார். பெல்ட்டு போட்டு."

"உயிரோட இருக்க வேண்டும்னு சட்டத்துல போட்டிருக்கா?"

வானம் யோசித்தது.

"...போடல, சார்!"

"அப்புறம் என்னடா? எறக்கு!"

வடக்கே மலையோரமாக வெள்ளிப் புள்ளி ஒன்று தோன்றியது. தூரத்து நாட்டிலிருந்து வழி தவறி வந்த பறவையைப் போலத் தயங்கித் தயங்கி வளர்ந்தது.

அப்போதுதான் பரிபூரணம் மைதானத்தைப் பார்த்தாள்.

"ஐயையோ! துணி!"

மைதானம் முழுக்க காஸ் துணி! விமானம் திரும்புவதற்குள் காய்ந்துவிடும் என்று வேலையாட்கள் விரித்துப் போட்டிருந்தார்கள். நீள நீளமாக, வெள்ளை வெளேர் என்று...

"ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!"

விமானம் இறங்கியது. ஒரு குதி குதித்தது. இன்னொரு குதி. சக்கரத்தில் துணி சுற்றியது, இறக்கையில் சுற்றியது, வாலில் சுற்றியது. விசிறி ஒரு முழத் துணியை அள்ளி வானத்தில் வீசிவிட்டு நின்றது.

புழுதி அடங்கியது.

மைதானத்தின் நடுவில், உடம்பெல்லாம் கட்டுப்போட்ட நோயாளியைப் போல விமானம் உட்கார்ந்திருந்தது.

இடப்பக்கக் கதவு திறந்தது. சோலைராஜ் இறங்கினான். விலங்குக்காக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டே வந்தான். பரிபூரணம் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு, உடனே முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள்.

"சட்டமாலே பேசுதே, சட்டம்!"

அந்த நேரம்...

வலப்பக்கக் கதவும் திறந்தது!

ஓர் உருவம் தொப்பென்று துணிக்குவியலில் குதித்து உருண்டது. தலை முதல் கால் வரை காஸ் துணி சுற்றிக்கொண்டது. எழுந்தது. தேவதானம் ரோட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தது!

"சார்!" சங்கையா அலறினார். "பிணம் ஓடுது, சார்!"

"பிடிய்யா அதை!"

"ஓடுத பிணத்தை எப்படி, சார், பிடிக்க? டிரெயினிங்குல சொல்லித் தரலையே!"

பரிபூரணம் குனிந்தாள். உருவத்தின் பின்னால் இழுபட்டுக்கொண்டிருந்த துணியின் நுனியைக் கையில் சுற்றி, ஒரே இழுப்பு! பிணம் பம்பரமாகச் சுழன்றது. சுற்றுச் சுற்றாகத் துணி பிரிந்தது. கடைசிச் சுற்றில் கேப்டன் சௌந்தரபாண்டியன் கிறுகிறுத்துப்போய் சமுத்திரத்தின் காலடியில் விழுந்தான்.

"எங்க கம்பெனித் துணி அறாது, சார்" என்றாள் பரிபூரணம்.

சமுத்திரம் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"உயிரோட இருக்கிறவன் எதுக்குய்யா ஓடறே?"

"சார்... டயல்ல ஜீரோவைப் பார்த்ததும் நிஜமாவே மயக்கம் போட்டுட்டேன். பொறவு முழிப்பு வந்துச்சு. வயர்லெஸ்ல 'இன்ஸ்பெக்டர்'னு காதுல விழுந்துச்சு... அப்படியே செத்துக்கிட்டேன், சார்."

"போலீஸுன்னா கேப்டனுக்கு என்ன பயம்?"

அவன் தலை குனிந்தான்.

"நான் கேப்டன் இல்ல, சார். மெட்ராஸ்ல ஒரு பிளேன் கிளப் கேன்டீன்ல போண்டா போட்டவன். பைலட்டுங்க சாப்பிட வந்து பேசறதைக் கேட்டுக் கேட்டே பாடம் நடத்தினேன். கேக்காத பாடத்தைத் தம்பியே புஸ்தகத்துல படிச்சுக்கிட்டான்."

"அடப்பாவி! நாப்பது, அம்பதுன்னு டயலைப் படிச்சியே?"

"அதுவும் கேன்டீன்ல கேட்டதுதான், சார். அந்த வரிசையிலதான் சொல்லுவாங்க. அதான் பார்க்காமலே சொல்லிடுவேன். இன்னிக்கு என்னமோ புத்தி கெட்டுப்போய் பார்த்துட்டேன்!"

பரிபூரணம் கையில் சுற்றியிருந்த துணியை உதறினாள்.

"ஒரு நாளாவது நீங்க பிளேன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லையே... பையன் மேல எம்புட்டு நம்பிக்கைன்னுல்லா நெனைச்சேன்!"

சோலைராஜ் மெல்ல முன்னால் வந்தான்.

"இன்ஸ்பெக்டர் சார்... அப்ப நான் இத்தனை நாள் ஓட்டின மணி நேரமெல்லாம்?"

"வாத்தியாரே இல்லாம ஓட்டினது. ஒண்ணுகூடக் கணக்குல வராது. நிஜ வாத்தியாரைப் பிடிச்சு, முதல்ல இருந்து ஆரம்பி."

சோலைராஜின் முகத்தில் ஒரு முழுப் பனிக்காலமே வந்து இறங்கியது.

"தம்பி நல்லாத்தான், சார், ஓட்டுவான்" என்றான் சௌந்தரபாண்டியன். "வேணும்னா நான் ஒரு கையெழுத்து..."

"உன் கையெழுத்துக்கு எவனும் சட்னிகூட வைக்க மாட்டான்! ஏறுய்யா ஜீப்புல! லைசன்ஸ் இல்லாம ஓட்டறவன், ஓட்டச் சொல்லித் தர்றவன்... எவனும் என் கண்ணுல இருந்து தப்ப முடியாது! தம்பி, நீயும் வா, வாக்குமூலம் எழுதணும். சங்கையா, வண்டியை எடு!"

சங்கையா அசையவில்லை.

"என்னய்யா?"

"எடுக்க மாட்டேன், சார். நீங்க பேசினது மனசைத் தச்சிருச்சு. எனக்கும்... லைசன்ஸ் இல்ல, சார்."

சமுத்திரத்தின் மீசை தொங்கியது.

"யோவ்! அப்புறம் எந்தத் தைரியத்துலய்யா இத்தனை வருஷம் ஓட்டினே?"

"பக்கத்து சீட்டுலதான் நீங்க உயிரோட இருக்கீங்களே, சார்!"

சமுத்திரம் ஓட்டினால் சைக்கிளே ஆடும்; ஜீப்பை எங்கே ஓட்ட! மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"இங்க... லைசன்ஸ் உள்ளவங்க யாராவது இருக்கீங்களா?"

ஒரு கை மெல்ல உயர்ந்தது. சோலைராஜ்!

"கார், ஜீப் ஓட்ட லைசன்ஸ் இருக்கு, சார். நிஜ லைசன்ஸ்."

அவன் ஸ்டியரிங்கின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்றைக்கு முதல் முறையாக அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஜீப் உறுமியது.

பின் சீட்டில் விலங்கோடு இருந்த சௌந்தரபாண்டியனுக்குப் பழக்கதோஷம் விடவில்லை. எட்டிப் பார்த்தான்.

"தம்பி... கிளட்சை மெதுவா விடணும்... நான் சொல்லித் தாரேன்..."

சமுத்திரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏலே... நீ பேசாம பழையபடி செத்துக் கிட!"