மிதிக்காத கால்

மோகன்ராஜின் நிட்டிங் கம்பெனிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. திருப்பூர் நெருப்பெரிச்சலில் அந்த நேரத்துக்கு எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் மெஷின் சத்தம்தான். பக்கத்தில் நிற்பவனிடம் பேசவும் கத்த வேண்டும். ஆக்ஸிலரேட்டர் ஏறவில்லை என்று மோகன்ராஜ் போனில் சொன்னதை வைத்து ஊகித்து, கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த புது த்ராட்டில் பாடி அட்டைப் பெட்டியோடு பைக்கில் இருந்தது. ஒரு மணி நேர வேலை, முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் பெயர் ராஜபாண்டி. சாத்தூர்ப் பக்கத்துக்காரன். பனியன் கம்பெனி வேலைக்கென்று வந்து, அது ஒத்துவராமல் மெக்கானிக் ஆனவன். 2008இல் இந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கார்களைத் தொடுகிற ஆட்கள் குறைவு. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மோகன்ராஜின் கார், துணி வேஸ்ட் குடோனுக்கு எதிரே, தார்ப்பாய் மூடி நின்றது. இருபது நாளாக யாரும் தொடவில்லை. முன் பம்பர் உள்வாங்கியிருந்தது. எதிர்ச் சுவரில் புதிதாக ஒரு இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் பழனாயி வேஸ்ட் பிரிப்பாள். கட்டிங்கில் விழும் பனியன் துணியை வெள்ளை தனி, கலர் தனியாகப் பிரித்து மூட்டை கட்டுவது அவள் வேலை. ஐம்பது வயதிருக்கும். எப்போதும் வாயில் புகையிலை. நான் வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் வெள்ளை வேஸ்ட்டை எடுத்து வைத்திருந்து, "கண்ணு, கையத் தொடைச்சுக்க" என்று நீட்டுவாள். கலர்த் துணி சாயம் விடும் என்று எனக்கு அதைத் தரவே மாட்டாள்.

இருபது நாளைக்கு முன்னால் மோகன்ராஜின் மனைவி கோமளா இந்தக் காரை ஸ்டார்ட் செய்து கியர் போட்டார். கார் பாய்ந்தது. நேரே சுவருக்கு. இடையில் பழனாயி.

"நான் மிதிக்கவே இல்லீங்க. பிரேக்குலதானுங்க கால் வெச்சிருந்தேன்." கோமளா எல்லோரிடமும் இதையே சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. பதற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார் என்று புருஷனே முடிவு கட்டிவிட்டான்.

மோகன்ராஜ் வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தான். "இன்ஜின் லைட் எரியுதுங்க பாண்டி. சரி பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா வித்துப்போடலாம்." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "வண்டியிலதான் கோளாறான்னு கேட்டுச் சொல்லச் சொல்லுது கோமளா. சாப்புடறதில்ல, தூங்கறதில்ல. நீங்க சொன்னா நம்புமுங்க."

ஆக, கோமளாவின் காலா, காரா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது.

இந்த மாதிரிக் கார்களில் ஆக்ஸிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது. பெடலை மிதித்தால் எவ்வளவு மிதித்தோம் என்ற செய்தி கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்கு ஒரு குட்டி மோட்டார், த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் வட்டத் தட்டைத் திறக்கும். தட்டு திறந்தால் காற்று போகும், வண்டி ஓடும். காலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒயர் மட்டும்தான்.

ஸ்கேனரைச் சொருகி, போனட் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய பதிவு ஒன்று இருந்தது. தட்டு திறந்த நிலையில் சிக்கியது என்று காட்டியது. பெடல் பூஜ்யம்.

பெடல் பூஜ்யம் என்றால் அந்த நேரத்தில் யாரும் மிதிக்கவில்லை. கோமளா சொன்னது உண்மை.

அப்படியே நின்றேன். ஸ்கேனரில் பக்கத்திலேயே ஓடும் இப்போதைய பெடல் அளவு பூஜ்யத்திலிருந்து மூன்றாக மாறியது. பிறகு பூஜ்யம். பிறகு நான்கு. காருக்குள் யாருமில்லை. ஒயர் லூசாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு இக்னிஷனை ஆஃப் செய்தேன்.

அப்போது கரண்ட் போனது.

அந்த வருஷம் கரண்ட் போவது புதிதல்ல. ஆனால் அத்தனை மெஷினும் ஒரே நொடியில் நின்றால் வரும் அமைதி இருக்கிறதே, அதற்கு நான் இன்னும் பழகவில்லை. காது அடைத்துக்கொண்டது. பஞ்சுத் தூசி மட்டும் வெயிலில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ புகையிலை வாசம் வந்தது.

பேட்டரியைக் கழற்றினேன். காற்றுக் குழாயை எடுத்தேன். நான்கு போல்ட்டுகளையும் அவிழ்த்து த்ராட்டில் பாடியைக் கையில் எடுத்தேன். மோட்டார் பக்க மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் பல் சக்கரத்தில் மூன்று பல் உடைந்திருந்தது. எதுவோ தட்டை மூட விடாமல் தடுத்திருக்கிறது. மோட்டார் மூட முயன்று முயன்று பல் போயிருக்கிறது. கம்ப்யூட்டர் சுதாரித்துக் காற்றையும் பெட்ரோலையும் அடக்குவதற்குள் சுவர் வந்துவிட்டது.

தட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

தட்டின் விளிம்புக்கும் குழாயின் உட்பக்கத்துக்கும் நடுவே ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைத் துணி.

பனியன் துணி.

திருப்பூர்க் காற்றில் பஞ்சு அதிகம். மற்ற ஊர்களில் வருஷத்துக்கு ஒரு தரம் துடைப்பதை இங்கே மூன்று மாதத்துக்கு ஒரு தரம் துடைக்க வேண்டும். தட்டைக் கையால் பிடித்துக்கொண்டு துடைத்தால் ஒரு கை போதாது. அதனால் வேஸ்ட்டை மடித்து இடுக்கில் செருகி, தட்டை மூடாமல் நிறுத்திவிட்டுத் துடைப்பது என் வழக்கம். விபத்துக்கு முந்தின வாரம் இந்தக் காரையும் அப்படித்தான் துடைத்தேன். துணியை இழுத்து எடுத்தேன். முழுசாக வந்ததா என்று பார்க்கவில்லை.

பழனாயி கொடுத்த துணி. நான் விட்ட துணி.

பயமும் அழுகையும் வந்திருக்க வேண்டிய இடம் அது. எனக்கு எதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி இருந்தது. துணியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

பழைய பாடியை வேஸ்ட் மூட்டை மேல் வைத்துவிட்டுப் புதியதைப் பிரித்தேன்.

டக்.

திரும்பினேன். பழையதின் தட்டு திறந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக மூடியது. மறுபடி திறந்தது. ஒயர் இல்லை, கரண்ட் இல்லை, பல் உடைந்த சக்கரம். ஆனாலும் அது திறந்தது, மூடியது, மூச்சு இழுப்பதுபோல.

"கண்ணு..."

காதுக்குப் பக்கத்தில்.

"...கையத் தொடைச்சுக்க."

நான் என் கையைப் பார்த்தேன். கரிப் பிசுக்கு. பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நடந்தது அதுதான்.

புதியதைப் பொருத்தி, பேட்டரியை மாட்டினேன். புது பார்ட்டைக் கம்ப்யூட்டருக்குப் பழக்க வேண்டும். சாவியைப் போட்டுவிட்டுப் பெடலில் யாரும் கால் வைக்காமல் கொஞ்ச நேரம் விட வேண்டும். போட்டேன். வெளியே வந்து நின்றேன்.

பெடலை விடவும் என்றது ஸ்கேனர்.

மறுபடி முதலிலிருந்து செய்தேன். பெடலை விடவும்.

பெடல் அளவு பத்து, பதினெட்டு, முப்பது என்று ஏறியது. கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். ஆளில்லாத சீட்டின் கீழே பெடல் பாதி இறங்கி நின்றது. காருக்குள் புகையிலை வாசம் அடைத்துக்கொண்டு நின்றது.

"பழனாயக்கா," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. "காலை எடுங்கக்கா."

பெடல் மேலே வந்தது. பூஜ்யம்.

நிமிர்ந்தால் பின்னால் கோமளா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. கண்ணைச் சுற்றிக் கறுத்து, ஆள் பாதியாகியிருந்தார். நான் பேசியது அவருக்குக் கேட்டிருக்கும்.

"ஏனுங்கண்ணா," என்று மெல்லக் கேட்டார். "வண்டியிலதான் கோளாறுங்களா?"

சட்டைப் பையில் அந்தத் துணி இருந்தது. ஆமாம் என்றால் என்ன கோளாறு என்று கேட்பார்கள். பழைய பார்ட்டைக் கார் கம்பெனிக்கு அனுப்புவார்கள். கடைசியாகக் கை வைத்தது யார் என்பார்கள். எனக்குப் பொண்டாட்டி, இரண்டு பிள்ளை, திருப்பூர் ராயபுரத்தில் வாடகை வீடு, இந்தத் தொழிலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இதெல்லாம் அந்த ஒரு நொடியில் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். எதையும் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"வண்டி நல்லாத்தாம்மா இருந்துச்சு. ஒரு பார்ட்டு ஓரம் தேஞ்சிருந்துச்சு, மாத்திட்டேன். அதுனால வண்டி தானா பாஞ்சிருக்காது."

"அப்ப என்ற காலுதானுங்களா?"

"ஆமாம்மா."

அவர் அழவில்லை. என் தோளுக்குப் பின்னால், அந்தக் காலிச் சீட்டைப் பார்த்தார். யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தார்.

"சரிங்க," என்றார்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன். மறுநாளும் சாப்பிட்டேன், தூங்கினேன். மூன்று மாதம் இப்படியே போனது. என்னைத் தேடி எதுவும் வரவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒருநாள் வேறு வண்டி விஷயமாக வந்த மோகன்ராஜ் சொன்னான். கோமளா மூலனூரில் அம்மா வீட்டில் இருக்கிறாராம். "வலது காலைத் தரையில ஊணவே மாட்டேங்குதுங்க. ஆளைக் கொன்ன காலுங்குது. டாக்டர் காலுல ஒண்ணுமில்லைங்கறாரு. ஒத்தக் காலுல சுவத்தைப் புடிச்சுட்டு நடக்குது."

மறுநாள் மதியம் மூலனூர் பஸ்ஸில் இருந்தேன். முருங்கைக்காய்க் கட்டு ஏற்றிய வண்டிகளைத் தாண்டி வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டார் முருங்கைக் காட்டில் வேலைக்குப் போயிருந்தார்கள். முன்னறையில் கோமளா மட்டும் நாற்காலியில் இருந்தார். வலது காலை மடித்து மேலே வைத்திருந்தார். உள்ளறைக் கதவு திறந்து, இருட்டாக இருந்தது.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை நாள் எடுத்து வைத்திருந்த அந்தத் துணியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"உங்க கால் இல்லம்மா. என் கை. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

அவர் மடித்த காலைக் கையால் தடவினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"மூணு மாசமா ஒண்ணையேதானுங்க கேட்டுட்டு இருந்துச்சு," என்றார். "ஏன் சாமி மிதிச்சே, ஏன் சாமி மிதிச்சேன்னு. நான் இல்லீன்னு சொல்ல எனக்கே தெரியலீங்களே."

யார் கேட்டது என்று நான் கேட்கவில்லை.

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டீங்களா, பழனாயக்கா? நானில்லையாமா."

"ம்."

உள்ளேயிருந்து வந்தது. எனக்கும் கேட்டது.

யாரோ சுவரில் கையூன்றி எழுந்திருக்கும் சத்தம். வெறுங்கால் தரையில் பட்டு நடந்து வரும் சத்தம். வாசற்படி வரை வந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கோமளா மடித்திருந்த வலது காலை இறக்கினார். தரையில் ஊன்றினார். இரண்டு காலிலும் எழுந்து நின்று, யாருக்கோ வழி விடுவதுபோல ஒதுங்கினார்.

அந்தச் சத்தம் அவரைக் கடந்து வந்து, என் இடதுபக்கம் நின்றது.

நான் வெளியே இறங்கினேன். என்னோடு அதுவும் இறங்கியது. கோமளா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம்கூட இல்லை. மூன்று மாதம் கழித்து இப்போதுதான் தூங்கப் போகிறார் என்று தெரிந்தது.

"பாத்துக் கூட்டிட்டுப் போங்கண்ணா," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.