பெரியவனின் கோட்டு

செத்துப்போனவனின் கோட்டு வயிற்றுப் பக்கத்தில் தையல் விடுமா? விட்டிருந்தது. நைந்து விட்டதென்றால் கேள்வியில்லை. உள்ளேயிருந்து முட்டி, நூல் இழுபட்டு, ஒவ்வொரு தையலாகப் பிளந்திருந்தது. தொந்தி வைத்தவர்களின் சட்டையை வாரம் முழுக்கப் பிரித்துத் தைக்கிறவளுக்கு அந்தக் கிழிசல் தெரியாதா?

தெருவில் அவளுக்கு 'டேப்பு' என்று பெயர். எந்நேரமும் கழுத்தில் அளவு டேப்பு தொங்கும். அளவு எடுக்கும்போது மட்டும் எல்லோருக்கும் எங்கிருந்தோ மானம் வந்து வயிற்றை எக்கிக்கொள்வார்கள். "மூச்ச விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அது அவள் வாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

கோட்டு அவள் கணவனின் அண்ணனுடையது. இந்த வீட்டில் பெரியவன் என்றால் அவன்தான். அவள் வாழ வருவதற்கு வெகுகாலம் முன்பே சண்டையில் போய்விட்டான். ஆணியடித்த பெட்டியாக வந்தான், திறக்க வேண்டாம் என்றார்கள், அப்படியே புதைத்தார்கள். கோட்டு மட்டும் தனியாக வந்தது. மாமியார் அதைக் கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு நாள், போரில் இறந்தவர்களுக்கான தூணின் முன்னால் நாற்காலி போட்டு, அவனுக்குப் பதிலாக அதை வைப்பார்கள். நாளைக்கு அந்த நாள். இந்தத் தடவை நாற்காலி வேண்டாம், சின்னவனே போட்டுக்கொண்டு நிற்கட்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். சின்னவன் என்பது அவள் கணவன்.

போன வாரமே ஒரு தடவை கோட்டு அவள் மெஷினுக்கு வந்துவிட்டுப் போனது.

"இறுக்குதாம். கொஞ்சம் பிரிச்சு விட்டுடும்மா," என்றார் மாமியார்.

"யாருக்கு அத்தை?"

மாமியார் கோட்டின் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கணவனுக்காக இருக்க முடியாது. அந்தக் கோட்டுக்குள் அவனைப் போல இரண்டு பேர் குடியிருக்கலாம். அப்படியானால் யார்? காலரை மூக்கருகே கொண்டுபோனாள். பழந்துணி வாசனை இல்லை. வியர்வை. இன்றைய வியர்வை. பெட்டியைத் திறந்து பார்க்காதது அவளுக்கு நினைவு வந்தது. பெரியவன் சாகவே இல்லையோ? எங்கேயோ ஒளிந்துகொண்டு, அவள் துணி வாங்கக் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, தின்று கொழுத்து வந்து போகிறானோ? மாமியார் சோற்றுப் பானையை மூடுகிற விதம்கூட அவளுக்குக் கள்ளத்தனமாகப் பட்டது.

கணவனிடம் கேட்டே விட்டாள். "உங்க அண்ணன் உயிரோட இருக்காரா?"

அவன் சிரிக்கப் போய், மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டான். "பெட்டிய தூக்குனதுல நானும் ஒருத்தன். உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

கிறுக்குதான். ஆனாலும் அவள் தையல்காரி. சந்தேகத்தைக்கூடத் தைத்துத்தான் பார்ப்பாள். வயிற்றுப் பக்கம் பிரித்து விட்டுவிட்டு, கோட்டின் இரண்டு கைகளின் வாயையும் உள்பக்கமாக வெள்ளை நூலால் மூடித் தைத்தாள். எவன் போட்டாலும் நூல் அறுந்தாக வேண்டும். கோட்டு அலமாரிக்குள் போனது.

இன்று மத்தியானம் திரும்பி வந்தது. "இன்னமும் இறுக்குதாம்."

வெளியே மழை. கதவை ஒருக்களித்துவிட்டுக் கோட்டின் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை நூல் அப்படியே இருந்தது. ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. ஆனால் புதிதாகத் தைத்த தையல் பிளந்திருந்தது. அக்குள் ஈரமாக இருந்தது.

யாரும் போடவில்லை.

அடுத்த அறையில் கணவன் படுத்திருந்தான். அவனுடைய மூச்சுச் சத்தம் சுவர் தாண்டி வந்தது. இழுத்து, தேய்ந்து, விட்டு, மறுபடி இழுத்து. டாக்டர் ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறார். ஆனால் மாதா மாதம் அவனுடைய பேன்ட்டை அவள்தான் இடுப்பில் பிடித்துத் தைக்கிறாள். போன வாரம் கூட இரண்டு இஞ்ச். அதே வாரம் கோட்டை எவ்வளவு பிரித்து விட்டாள்?

இரண்டு இஞ்ச்.

யாரைப் பிடித்துத் தைத்து, யாருக்குப் பிரித்து விட்டிருக்கிறாள்? நாளைக்குக் கணவன் இதற்குள் நுழையக் கூடாது. பிரிக்கப் போவதில்லை, ஒரு குழந்தைகூடப் போட முடியாதபடி இறுக்கித் தைத்துவிடப் போகிறாள். மாமியார் கத்தட்டும்.

கோட்டைக் கதவுக் கொக்கியில் மாட்டினாள். பொத்தான்களைப் போட்டாள். டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தாள்.

டேப்பு இறுகியது.

அவள் இழுக்கவில்லை. விரலை அசைக்கவே இல்லை. துணி டேப்பைத் தள்ளியது. எக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

பயத்தில் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல், பழக்கதோஷம், அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மூச்ச விடுங்க."

விட்டது. சூடாக, அவள் முகத்தில். டேப்பு தளர்ந்தது.

அடுத்த அறையில் சத்தம் நின்றது.

"என்னங்க?"

மழை மட்டும்.

"என்னங்க!"

காலை எடுக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. டேப்பு மறுபடி இறுகியது. நிற்காமல் இறுகியது. விரலிடுக்கில் ஒவ்வொரு இஞ்ச்சாக நழுவியது. கட்டில் முனகவில்லை. இருமல் இல்லை. ஒன்றுமில்லை.

சாவி குலுங்க மாமியார் வந்து நின்றார். மருமகளைப் பார்க்கவில்லை. கோட்டின் காலரைச் சரிசெய்தார், பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குச் செய்வது போல.

"இப்ப மூச்சு விட முடியுதாப்பா?"

வெள்ளை நூலால் தைத்து மூடிய கையின் வாய் மெல்லப் புடைத்தது. உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக, ஐந்து இடத்தில்.